லாபத்தில் சரிபாதி என்றால் எதில் பாதி?

சேலம் அம்மாபேட்டையில் ஒரு பழைய நெசவுக்கார வீடு விலைக்கு வருகிறது, வாங்கிச் சரிபண்ணி விற்றால் நல்ல காசு பார்க்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார். வீட்டை அவர் 38 லட்சத்துக்குத் தன் பேரில் கிரயம் பண்ணுவார், வேலைச் செலவு 9 லட்சம் என்னுடையது, லாபத்தில் சரிபாதி. தட்டுவடை செட் தின்றுகொண்டே பேசி முடித்தோம். "நமக்குள்ள எதுக்குங்கண்ணா பத்திரம்?" என்றார். நானும் தலையாட்டினேன், கிறுக்கன்.

வேலை நன்றாகத்தான் நடந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். கூடத்தில் இருந்த தறிக்குழியை மண் கொட்டித் திமிசு போட்டு மூடி, டைல்ஸ் ஒட்டி, ஒயரிங் முழுக்க மாற்றி, எட்டாவது மாதம் 58 லட்சத்துக்குப் போனது. பத்திரச் செலவு நூற்றுக்கு 9 என்று 3.42 லட்சம் போனால் லாபம் 7.58, என் பங்கு 3.79 என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

டைல்ஸ் கடை பில்லின் பின்பக்கத்தில் அவர் எழுதிக் கொண்டுவந்த கணக்கே வேறு. அவர் போட்ட 38 லட்சத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, எட்டு மாதத்துக்கு 3.04 லட்சம். மேற்பார்வைக் கூலி 1.50. புரோக்கர் கமிஷன் 1.16, புரோக்கர் யாரென்றால் அவருடைய மச்சினன்! மிச்சம் 1.88, அதில் பாதி 94 ஆயிரம். போட்ட 9 லட்சம் திரும்ப வந்தது, அதுவரைக்கும் புண்ணியம். சரி, என் பணத்துக்கு வட்டி எங்கே என்று கேட்டால், "அது முதலீடுங்கண்ணா" என்கிறார். அப்போ அவருடையது என்னவாம்?

வக்கீலைப் பார்த்தேன். 1932 கூட்டாண்மைச் சட்டப்படி, தனியாகப் பேசிக்கொள்ளாத வரை கூட்டாளிக்குச் சம்பளமும் கிடையாது, போட்ட முதலுக்கு வட்டியும் கிடையாது, லாபம் சமபங்குதானாம். ஆனால் நான் கூட்டாளி என்பதற்கே காகிதம் இல்லையே, வங்கியில் அனுப்பியதைக் கைமாற்று என்று அவர் சொல்லிவிட்டால் போச்சு. எதையெல்லாம் கழித்த பிறகு லாபம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த அலைச்சல் இருக்காது என்றார்.

ஆள் பேரைப் போட விரும்பவில்லை. இப்போது ஏற்காட்டில் ஒரு ஓட்டு வீட்டைப் பார்த்துவிட்டு வேலைச் செலவுக்குக் கூட்டாளி தேடுகிறார் என்று கேள்வி. மணலும் செங்கலும் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும், அந்த லாரி வாடகையை யார் தலையில் எழுதுவார் என்று எனக்கு இப்போதே தெரியும்.