ராயல் கிரசென்ட் 1ஆம் எண் வீடு, பாத்: பின்பக்கத்தில் தொடங்குங்கள்

இங்கிலாந்தின் பாத் நகருக்குப் போகிறவர்களில் பலர் பிறைபோல் வளைந்த வீட்டு வரிசையான ராயல் கிரசென்ட் எதிரிலுள்ள புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வளைவின் கிழக்கு முனையில் இருக்கும் 1ஆம் எண் வீட்டுக்குள் நுழைந்து பார்க்கலாம். பாத் பிரிசர்வேஷன் டிரஸ்ட் நடத்தும் இந்த அருங்காட்சியகம் 1970இல் திறந்தது. வேலையாட்கள் புழங்கிய 1ஏ பகுதி வெகுகாலம் தனிவீடாகப் பிரிந்து கிடந்து 2013இல்தான் மறுபடி இதோடு சேர்ந்தது. இப்போது பார்ப்பது முழு வீடு.

டிக்கெட் வாங்குமுன் பின்புறச் சந்தான கிரசென்ட் லேனில் ஒரு நடை நடந்துவிடுங்கள். 1767இல் தொடங்கிய இந்த 30 வீட்டு வரிசைக்குக் கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் வகுத்தது முகப்பை மட்டும்தான். அந்த முகப்பில் ஆளுக்கொரு துண்டை எடுத்தவர்கள் பின்னால் தங்கள் வசதிப்படி கட்டிக்கொண்டார்கள். முன்னால் ஒரே அரண்மனையாகத் தெரிவது பின்னால் வந்தால் ஏறுக்குமாறான கூரைகள், பிதுங்கிய அறைகள், வரிசை தப்பிய ஜன்னல்கள் என்று கலைந்துவிடும். அழகு குறைந்த பக்கம்தான். ஆனால் கட்டடம் எப்படி உருவானது என்று சொல்வது இதுதான்.

இனி முன்னால் வரலாம். தரைத்தளச் சுவரில் அலங்காரம் கிடையாது, அது பீடம். முதல் மாடியில் தொடங்கி இரண்டு மாடி உயரத்துக்குச் சுவரை ஒட்டி அயானிக் தூண்கள் (தலையில் சுருள் வைத்த கிரேக்க பாணி), மொத்தம் 114. அவற்றுக்கு மேல் கூரையை மறைக்கும் கைப்பிடிச்சுவர். பெரிய வரவேற்பறை முதல் மாடியில் இருப்பதால் அங்கேதான் ஜன்னல் உயரம். 19ஆம் நூற்றாண்டில் கிரசென்ட்டின் பல வீடுகளில் இந்த ஜன்னல்களின் அடிமட்டத்தை வெட்டி இறக்கிவிட்டார்கள். 1ஆம் எண்ணில் பழைய உயரத்தை மீட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும்.

உள்ளே 1776 முதல் இங்கே குடியிருந்த ஹென்றி சாண்ட்ஃபோர்ட் காலத்து வாழ்க்கையைக் காட்டுகிறார்கள். தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை, முதல் மாடியில் வரவேற்பறை, கீழே சமையலறை. இறைச்சிக் கம்பியைச் சுழற்ற நாயை ஓடவிட்ட சக்கரத்தைத் தவறவிடாதீர்கள். கண்காட்சியின் நாட்டமெல்லாம் வீட்டாரின் வாழ்க்கைமேல். கட்டுமானத்தை நாமேதான் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பொதுச்சுவர், அதாவது இரண்டு வீடுகளுக்கு நடுவே நிற்கும் சுவர். குளிர்காயும் அடுப்புகள் அதில் சாய்ந்திருக்கும், புகைப்போக்கிகள் அதற்குள்ளேயே மேலேறும். பொதுவாக ஒரு அடுப்புக்கு ஒரு குழாய் என்பதால், கூரைமேல் நிற்கும் மண்குழல்களை எண்ணினால் உள்ளே எத்தனை அடுப்பு என்று கணக்குப் போட்டுவிடலாம். இத்தகைய வீடுகளை வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, பயன்படாத புகைப்போக்கியை மேலும் கீழும் இறுக அடைப்பது. காற்றோட்டம் நின்றதும் உள்ளே ஈரம் தங்கும், பழைய கரி உப்போடு கலந்து சுவரில் பழுப்புக் கறையாகக் கசியும். அடைத்த இடத்தில் சிறு காற்றுத்துளை விட்டால் போதும்.

இரண்டாவது கூரை. கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் ஈயத்தகடு போட்ட மழைநீர்க்கால் ஒளிந்திருக்கும். இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தெருவில் கொட்டாது, சுவருக்குள் இறங்கும். சுவரில் செருகிய உத்திர முனைகள் சத்தமில்லாமல் உளுத்துப்போகும். மேல்மாடி மூலையில் கறை தெரியும்போது காலம் கடந்திருக்கும். இலையுதிர் காலம் முடிந்ததும் ஒரு தடவை, வசந்தத்தில் ஒரு தடவை ஏறிப் பார்த்தே ஆகவேண்டும்.

மூன்றாவது கல். பாத் கல் தேன்நிறச் சுண்ணாம்புக்கல், மென்மையானது. பூமியில் கிடந்த படுகை (கல் படிந்த அடுக்கு) கிடைமட்டமாக வரும்படி வைத்துக் கட்டவேண்டும். படுகையைச் செங்குத்தாக்கி வைத்தால் முகம் ஏடு ஏடாக உரியும். இணைப்புகள் மெல்லிய கோடுதான், சுண்ணாம்புச் சாந்து. அதைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் அடைத்த சுவரை நகரில் உலாவும்போது கவனியுங்கள்: சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், கடைசியில் சிமெண்ட் கோடு அப்படியே நிற்க அதைச் சுற்றியுள்ள கல் தேய்ந்து குழியும். கறுத்த கல்லை மணல் பீய்ச்சித் துலக்கினாலும் சேதம் கல்லுக்கே.

வீட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும். பழைய தட்டுமுட்டில் நாட்டம் இல்லாதவர்கள் இதையே பாதியில் முடிக்கலாம். மிச்ச நேரத்துக்கு பிராக் தெரு வழியே நடந்தால் இளையவரின் தந்தை மூத்த ஜான் வுட் வகுத்து 1754இல் தொடங்கிய சர்க்கஸ் வட்டம். அங்கே தூண்கள் மாடிக்கு ஒரு வகை: கீழே டோரிக், நடுவில் அயானிக், மேலே கொரிந்தியன். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், மகன் அந்த மூன்று அடுக்கை விட்டுவிட்டு ஒரே பெரிய தூண் வரிசையில் நின்றது எவ்வளவு துணிச்சல் என்று தெரியும்.