54 மி.மீ. சிப்பாய்க்குச் சீருடை: எம்-சீலா, அலுமினியத் தகடா, காகிதமா?

காளையார்கோயில், திருப்பத்தூர் பக்கம் 1801-இல் மருது சகோதரர்களோடு மோதிய கும்பினிப் படையின் மதராஸ் சிப்பாயின் சிறு மாதிரி உருவம்தான் இங்கே எடுத்துக்காட்டு. சிவப்புச் சட்டை, மார்பில் குறுக்காக வெள்ளைத் தோல்வார், முழங்கால் தெரியும் அரைக்காற்சட்டை, தலைப்பாகை. 54 மி.மீ. அளவில் இந்தச் சிப்பாய் கடையில் கிடைப்பது அரிது. ஏதாவது ஓர் ஐரோப்பிய வீரன் பொம்மையின் உடம்பை எடுத்து, சீருடையைச் சுரண்டிவிட்டு, நாமே புதிதாக உடுத்த வேண்டும்.

எதை வைத்து உடுத்துவது என்பதைத் தடிமன்தான் முடிவு செய்கிறது. 54 மி.மீ. உயர உருவம் கிட்டத்தட்ட 1/32, அதாவது நிஜ அளவில் 32-இல் ஒரு பங்கு. நிஜத்தில் 54 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள வார், உருவத்தில் 1.7 மி.மீ. அகலம், 0.1 மி.மீ.க்கும் குறைந்த தடிமன். எம்-சீலை (இரு பாகங்களைப் பிசைந்தால் கல்போல் இறுகும் எபாக்சி புட்டி) எவ்வளவு தேய்த்தாலும் 0.3 மி.மீ.க்குக் கீழே உடையாமல் நிற்பது கடினம். அந்த 0.3 நிஜ அளவில் ஒரு சென்டிமீட்டர்! சிப்பாய் மாட்டு வண்டி நுகத்தடியைச் சுமப்பது போல் இருக்கும். துணியும் ஆகாது. கண்டாங்கிச் சேலையின் மெல்லிய இழைகூட இந்த அளவில் கயிறுதான்.

வாருக்குத் தகடே. பிரியாணி பார்சல் வரும் அலுமினியப் பெட்டியின் அடித்தட்டு போதும், மெல்லியது, இளகியது. கண்ணாடி மேல் வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் வரிகள் மறையும். 11-ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடால், இரும்பு ஸ்கேல் வைத்து 1.7 மி.மீ. பட்டையாக வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்ட முயன்றால் விளிம்பு சுருளும்; மூன்று நான்கு தடவை லேசாகக் கீறுங்கள். ஒட்டும் பக்கத்தை 400 எண் உப்புத்தாளில் உரசாமல் ஃபெவிக்விக் வைத்தால், பெயின்ட் அடித்த மறுவாரம் வார் உரிந்து வரும். தோளில் முதலில் ஒட்டி, பிறகு மார்பின் வளைவோடு பல்குச்சியால் அழுத்திக்கொண்டே இறக்குங்கள். நடுவில் காற்று இடைவெளி நின்றால் கண்ணுக்கு உடனே தெரியும். ஈயத் தகடு இன்னும் அழகாக மடியும், ஆனால் அடைத்த மர அலமாரியில் மரமும் வார்னிஷும் விடும் அமில ஆவி பட்டு நாளடைவில் வெண்பொடி பூக்கும். கைக்கும் நல்லதில்லை. அலுமினியம் இருக்கும்போது அது வேண்டாம்.

தலைப்பாகையில் தகடு தோற்கிறது. அங்கே புட்டி வேண்டும். எம்-சீல் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் மணல்பதம் உண்டு, நுண்மடிப்பில் அது காட்டிக்கொடுக்கும். மோல்டிட் என்ற புட்டி கொஞ்சம் வழவழப்பு. மில்லிபுட்டின் வெள்ளை வகை எல்லாவற்றையும்விட நுண்மையானது, ஆனால் இணையத்தில் வரவழைக்க வேண்டும். கிரீன் ஸ்டஃப் என்ற பச்சைப் புட்டி இறுகிய பின்னும் சற்று ரப்பர் போல இருப்பதால் உப்புத்தாளில் சீராகத் தேயாது. தலைப்பாகையின் அடிக்கட்டுக்கு எம்-சீல், மேல் சுற்றுக்கு மோல்டிட் அல்லது மில்லிபுட் என்று பிரித்துக்கொள்வதே சிக்கனம்.

இரு பாகமும் சரிசமமாக எடுத்து, நிறம் ஒன்றாகும் வரை பிசையுங்கள். நிறக்கோடு தெரிந்தால் அந்த இடம் கடைசிவரை பிசுபிசுக்கும். பிசைந்ததும் வேலை தொடங்கக் கூடாது, ஒட்டும் தன்மை குறையட்டும். காரைக்குடிக் கோடையில் அது சீக்கிரமே நடக்கும், அதனால் கடலைப்பருப்பு அளவுக்கு மேல் பிசையாதீர்கள். ஈரக் கையால் நூல்போல் உருட்டி, சற்றுத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துச் சுற்றுங்கள். உருட்ட ஆத்தங்குடித் தரைக் கல் சரிப்படாது. பளபளப்பாகத் தெரிந்தாலும் சிமென்ட் ஈரத்தை உறிஞ்சிவிடும், புட்டி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கல்லை வார்க்கும் கண்ணாடி இருக்கிறதே, அதுமாதிரி ஒரு துண்டே சரி.

தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகையைச் செய்துவிடாதீர்கள். அந்தப் புது வடிவ உத்தரவுதான் 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சிக்கு ஒரு காரணம். 1801 சிப்பாய் தலையில் அது வராது.

சட்டையின் கீழ்ப்பகுதியும் மடித்த காலரும் காகிதத்தின் இடம். சாதாரண எழுதுதாள் 0.1 மி.மீ., அதாவது நிஜத்தில் 3 மி.மீ. தடித்த கம்பளி. டிஷ்யூ தாளின் ஒரு அடுக்கைப் பிரித்து, ஃபெவிகால் ஒரு பங்கு தண்ணீர் ஒரு பங்கில் நனைத்துப் போர்த்தினால் மடிப்பு தானாக விழும். காய்ந்ததும் மெல்லிய சூப்பர் குளூவை ஒரு முறை பூசி இறுக்க வேண்டும். மறந்தால் அக்ரிலிக் பெயின்டின் ஈரத்தில் நார் எழும்பி, சட்டை பூனை ரோமம் போலாகும்.

பொத்தானுக்கு மருந்து போடும் 20 எண் ஊசியின் முனையை நேராக வெட்டி, உட்புறம் கூராக்குங்கள். உள்விட்டம் 0.6 மி.மீ. இருக்கும். ரப்பர் மேல் தகட்டை வைத்து அழுத்திச் சுழற்றினால் வட்டம் ஊசிக்குள் நிற்கும். மெல்லிய கம்பியால் தள்ளி எடுக்கலாம். பொத்தானைச் சுற்றிய நூல்சரிகைக்கு மோட்டார் வைண்டிங் கடையின் 40 எண் செம்புக்கம்பி இரண்டை முறுக்குங்கள், ஒன்று 0.12 மி.மீ., இரண்டும் சேர்ந்து 0.24. புட்டியில் அந்த நெளிவு வராது.

செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நிற்கும் சுதைச் சிப்பாய்களைச் சீருடைக்கு ஆதாரமாக எடுக்க வேண்டாம். வீடுகளில் பெரும்பாலானவை 1801-க்கு வெகுகாலம் பிந்தியவை. ஆனால் சுதைக்காரர் மடிப்பை ஆழமாகத் தோண்டி நிழல் விழ வைத்த விதத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உங்கள் தலைப்பாகையிலும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஊசிமுனையால் அதே ஆழத்தில் ஒரு கோடு இழுத்தால், கறுப்பு வாஷ் (நீர்த்த பெயின்ட்) அங்கே தானாகப் போய்த் தங்கும்.