காக்கோ-2வா, ஆர்கனாய்டா? எங்கள் லேபில் பராமரிப்புதான் முடிவு செய்தது

காலரா போன்ற நோயில் சிறுகுடல் ஏன் இப்படி நீரைக் கொட்டுகிறது, அதை எந்த மருந்து நிறுத்தும் என்பதுதான் எங்கள் வேலை. அதற்கு லேபில் வளர்கிற ஒரு குடல் வேண்டும். காக்கோ-2 என்ற புற்றுச் செல்களையும், ஸ்டெம் செல்லிலிருந்து வளரும் குட்டி உருண்டைகளான மனிதக் குடல் ஆர்கனாய்டுகளையும் ஒன்றரை வருடம் அருகருகே வளர்த்துப் பார்த்தேன். இப்போது நான் ஆர்கனாய்டு பக்கம்.

முதலில் காக்கோ-2. 1970களில் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில், 72 வயது ஆண் ஒருவரின் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து யோர்கன் ஃபோக் எடுத்த செல்கள் இவை. பெருங்குடலில் பிறந்தவைதான். ஆனாலும் துளைச்சவ்வின் மேல் 21 நாள் விட்டால் சிறுகுடல் செல்லைப் போல மாறிவிடுகின்றன: மேற்புறத்தில் நுண்ணிழைகள், செரிமான நொதிகள், செல்லுக்கும் செல்லுக்கும் இடையே இறுக்கமான பூட்டு. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், நெறிக்குழு அனுமதிக்கு அலைய வேண்டாம். மருந்து குடல் வழியே ஊடுருவுமா என்பதற்கு காக்கோ-2 சோதனையை, மருந்துக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச வழிகாட்டியான ஐசிஎச் எம்9-ஏ ஏற்கிறது. உங்கள் கேள்வி அது மட்டும்தான் என்றால், இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் தெரிந்தவைதான். ஒரே வகை செல். கோழைப் படலம் கிடையாது. வேண்டுமானால் கோழை சுரக்கும் எச்டி29-எம்டிஎக்ஸ் செல்லைக் கலந்து வளர்க்க வேண்டும். மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதி மிகக் குறைவு. சுவரும் அளவுக்கு மீறி இறுக்கம்: இறுக்கத்தை மின்தடையால் அளப்போம்; மனிதச் சிறுகுடலில் அது 100 ஓம்-சதுர செ.மீ.க்குள் இருக்க, காக்கோ-2 பல நூறைத் தாண்டிப் போகும்.

ஆர்கனாய்டு விஷயமே வேறு. 2009இல் நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரில், ஹூப்ரெக்ட் நிறுவனத்தில் டோஷிரோ சாட்டோவும் ஹான்ஸ் கிளெவர்ஸும் எலிக்குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்து ஒரு குட்டிக் குடலையே வளர்த்துக் காட்டினார்கள். 2011இல் மனிதத் திசுவிலும் அது கைகூடியது. ஒரு சின்ன பயாப்சித் துணுக்கு போதும். அதிலிருந்து உறிஞ்சும் செல், கோழை சுரக்கும் செல், ஹார்மோன் சுரக்கும் செல் எல்லாம் வரும். முன்சிறுகுடலிலிருந்து எடுத்தது முன்சிறுகுடலாகவே இருக்கும்; பித்த அமிலத்தைத் திரும்ப உறிஞ்சும் வேலை கடைச்சிறுகுடலிலிருந்து எடுத்ததில்தான் தெரியும். பிறந்த இடத்தை இது மறப்பதில்லை.

ஃபோர்ஸ்கோலின் போட்டுவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்த முதல் நாள் இன்னும் மனதில் இருக்கிறது. அந்த மருந்து செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறை ஏற்றுகிறது, சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாசல் திறக்கிறது, குளோரைடு செல்லிலிருந்து குடலின் உட்புறத்துக்குப் போக நீரும் பின்னாலேயே போகிறது. ஆர்கனாய்டு எல்லாப் பக்கமும் மூடிய உருண்டை. குடலின் உட்புறம் அதன் நடுவில்தான் இருக்கிறது. நீர் வெளியே போக வழியில்லை. கடுகு போல இருந்தது ஒரு மணி நேரத்துக்குள் ஊதிய பலூன் மாதிரி ஆகிவிட்டது. காலரா நச்சைப் போட்டாலும் இதேதான், கொஞ்சம் தாமதமாக. வீங்கிய பரப்பளவை அளந்தால் சுரப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். நெதர்லாந்தில், இதே சிஎஃப்டிஆர் வாசல் பழுதான பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் மலக்குடல் ஆர்கனாய்டை இப்படி வீங்கவைத்துப் பார்த்து, எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று கணித்திருக்கிறார்கள்.

நோரோவைரஸ் கதையையும் சொல்லியாக வேண்டும். 1968இல் ஒஹையோவின் நார்வாக் ஊர்ப் பள்ளியில் பரவிய வாந்திபேதியிலிருந்து பிடிபட்ட வைரஸ் அது. காக்கோ-2 உட்பட எதிலெதிலோ வளர்க்கப் பார்த்து, பல பத்தாண்டுகள் யாருக்கும் சரிவரவில்லை. 2016இல் ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டஸ் குழு மனிதக் குடல் ஆர்கனாய்டுகளில் வளர்த்துக் காட்டியது. சில வகைகளுக்குப் பித்தநீரும் சேர்க்க வேண்டியிருந்தது. எஃப்யூடி2 மரபணு வேலை செய்யாதவர்களின் ஆர்கனாய்டில் ஜிஐஐ.4 என்ற நோரோவைரஸ் வகை வளரவில்லை. அப்படிப்பட்டவர்களை நிஜ வாழ்விலும் அந்த வகை பெரும்பாலும் விட்டுவிடும். மனிதருக்கு மனிதர் வேறுபடுவதை ஆர்கனாய்டின் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் அதன் பெரிய பலம்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். "ஆர்கனாய்டு யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி" என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். பயத்தில் பாதி நியாயம். மனித ஆர்கனாய்டுக்கு டபிள்யூஎன்டி3ஏ, ஆர்-ஸ்பாண்டின், நாகின் என்ற வளர்ச்சிப் புரதங்கள் ஓயாமல் வேண்டும்; சுத்திகரித்ததை வாங்கினால் சிறிய லேபின் வருட பட்ஜெட் சில மாதங்களில் தீர்ந்துவிடும். எங்களைக் காப்பாற்றியது எல்-டபிள்யூஆர்என். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஸ்டாப்பன்பெக் ஆய்வகம் உருவாக்கிய இந்தச் செல் வரிசை மூன்றையும் மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) சுரக்கும். தினமும் மீடியத்தை எடுத்து, வடிகட்டி, உறைய வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே எச்சரிக்கை: ஒவ்வொரு தொகுப்பும் ஒரே வீரியத்தில் இருக்காது. புதுத் தொகுப்பைப் பிளேட்டின் சில கிணறுகளில் (குழிகளில்) மட்டும் விட்டுப் பார்த்த பிறகே மற்றதற்கு ஊற்றுங்கள். நாங்கள் ஒருமுறை பார்க்காமல் ஊற்றி இரண்டு பேருடைய ஆர்கனாய்டுகளை இழந்தோம்.

அப்புறம் மேட்ரிஜெல், ஆர்கனாய்டைப் பதித்து வளர்க்கும் ஜெல். 10 டிகிரியைத் தாண்டினாலே கட்டிதட்ட ஆரம்பிக்கும். குழாய், பைப்பெட் முனை எல்லாம் ஃப்ரீசரில் முன்பே வைத்திருக்க வேண்டும். 24 கிணறு பிளேட்டில் கிணற்றுக்கு ஒரு சொட்டு, 40 மைக்ரோலிட்டர்; உடனே பிளேட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து 37 டிகிரியில் 10 நிமிடம். கவிழ்க்காவிட்டால் எல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடும். பார்சலில் உருகி வந்த ஒரு பாட்டிலைத் திருப்பி அனுப்பவும் முடியாமல், பயன்படுத்தவும் முடியாமல் வைத்திருந்தோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆர்கனாய்டின் பராமரிப்பே மேல் என்கிறேனே என்று தோன்றலாம். காலண்டரை எடுத்துப் பாருங்கள். காக்கோ-2 சவ்வுக்கு 21 நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள் மீடியம் மாற்ற வேண்டும்; ஞாயிறு, பண்டிகை கணக்கில்லை. 18ஆம் நாள் பூஞ்சை விழுந்தால் மூன்று வாரமும் போச்சு. எங்களுக்கு இப்படி இரண்டு முறை நடந்தது. ஆர்கனாய்டுக்கும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம் மாற்ற வேண்டும்தான்; ஆனால் வாரத்துக்கு ஒருமுறை உடைத்துப் பிரித்து வைத்தால் அது வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பிளேட் போனாலும் பக்கத்துப் பிளேட் இருக்கும், திரவ நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்த குழாய் இருக்கும். வீக்கச் சோதனைக்குப் பிரித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ தயார். மருந்தை உட்புறத்தில் போட வேண்டுமென்றால் செல்களைப் பிரித்துச் சவ்வில் பரப்பி, டபிள்யூஎன்டியை நிறுத்தி முதிரவிட வேண்டும். அதுவும் பத்து நாளைத் தாண்டுவதில்லை. கைச்செலவு கூடும், ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வருகிற நாள் குறையும். ஆர்கனாய்டைப் பார்த்துப் பழகிய கண் மட்டும் இரண்டு பேருக்காவது வேண்டும். ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் இன்னொருவர் இருக்க வேண்டும்.

சிப், அதாவது நுண்குழாய்களில் திரவம் ஓடும் சின்ன வில்லையில் செல் வளர்ப்பது பற்றிக் கேட்பார்கள். 2012இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனம் காக்கோ-2 செல்களையே சிப்பில் வைத்து, மீடியத்தை ஓடவிட்டு, குடல் அசைவதைப் போல இழுத்துவிட்டதில் உறிஞ்சிகள் போன்ற மேடுகள் எழுந்தன. பிறகு ஆர்கனாய்டு செல்களையும் அதில் ஏற்றினார்கள். நான் வேறொரு லேபில் இரண்டு நாள் நின்று பார்த்ததோடு சரி; குழாயில் காற்றுக் குமிழி புகுந்து அவர்கள் பட்ட பாட்டைத்தான் அதிகம் பார்த்தேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நரம்பும் தசையும் நோயெதிர்ப்புச் செல்லும் வேண்டிய கேள்விகளுக்கு என் ஆர்கனாய்டு போதாது என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது எங்கள் இன்குபேட்டரில் மேல் தட்டு நான்கு பேருடைய ஆர்கனாய்டுகளுக்கு, கீழ்த் தட்டு எல்-டபிள்யூஆர்என்னுக்கு. காக்கோ-2 ஆறு குழாய் நைட்ரஜனில் இருக்கிறது. மருந்து ஊடுருவல் கேட்டு யாராவது வந்தால் எடுப்போம்.