வேடியும் ஒரு பிளாட்டூனும்: மூன்று வருடம் ஆடிப் பார்த்த அனுபவம்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதம் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். குண்டு துளைக்காத உடம்பு, மூன்று நொடியில் நூறு மீட்டர் ஓடுகிற கால், இப்படி ஒரே ஒரு ஆள் வந்தால் பட்டாளம் என்ன செய்யும்? மே மாத வெயிலில் கிருஷ்ணகிரியில் தலை காட்ட முடியாது. மாங்காய் லாரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடக்க வேண்டியதுதான். அப்போது சார்ட் பேப்பரில் நாங்களே கோடு போட்டுச் செய்த பலகை விளையாட்டு இது. இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறோம்.

வீரனுக்கு அவள் வைத்த பெயர் வேடி. எங்கள் பக்கம் நடுகல்லையே வேடியப்பன் என்று கும்பிடுகிற ஊர்கள் நிறைய. ஒரு கையில் வில், மறு கையில் வாள், உடம்பில் தைத்த அம்புகள் என்று அந்தக் கல்லில் செதுக்கியிருப்பார்கள். அம்பு தைக்காத வேடி எப்படி இருப்பான் என்பது அவள் கற்பனை.

முதலில் பொருள்களின் நிலைமை. பேருந்து நிலையம் பக்கம் வாங்கிய பிளாஸ்டிக் சிப்பாய்கள் முதல் வருடம் தாங்கின. அப்புறம் துப்பாக்கிகள் வளைந்தன, ஏழெட்டுப் பேர் காணாமல் போனார்கள். அவர்களுக்குப் பதிலாகப் புளியங்கொட்டை வைத்திருக்கிறோம், அவை சாய்வதே இல்லை. வேடி மட்டும் பழைய சதுரங்கப் பெட்டியிலிருந்து வந்த கறுப்புக் குதிரை. சார்ட் பேப்பர் மடிப்பில் கிழிந்துவிட்டது. இப்போது ஒரு கல்யாண ஃபிளெக்ஸ் பேனரின் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறோம். செய்ய நினைப்பவர்கள் நேராக ஃபிளெக்ஸுக்கே போங்கள். சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள்.

ஓர் அங்குலம் 20 மீட்டர், ஒரு சுற்று 10 நொடி. எதிரில் ஒரு பிளாட்டூன்: பத்துப் பேர் கொண்ட செக்‌ஷன் மூன்று, தலைமைக்கு இன்னும் சிலர்.

முதல் ஆறு மாதம் வேடியே ஜெயித்துக்கொண்டிருந்தான், சலிப்பாகவே ஆகிவிட்டது. அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, பட்டாளத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், காவேரிப்பட்டணத்தில் இருக்கிறார். ஒருநாள் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாப்ள, பட்டாளத்துல எவனும் இப்படி வரிசையா நின்னு சுட மாட்டான்." உட்கார்ந்து எல்லாவற்றையும் கலைத்தார். இரண்டு எல்.எம்.ஜி.யையும் (இலகு இயந்திரத் துப்பாக்கி) வேறு வேறு மூலையில் வைத்து, குண்டுகள் ஒரே இடத்தில் குறுக்கே விழும்படி செய்தார். வேடி அதற்குள்ளேயும் நடந்து போனான். தோல் கிழியாதே!

அதற்கு மகள் கணக்குப் போட்டாள். பட்டாளத்தின் இன்சாஸ் துப்பாக்கித் தோட்டா சுமார் 4 கிராம், வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 900 மீட்டர். 70 கிலோ ஆள்மேல் பட்டால் நொடிக்கு 5 சென்டிமீட்டர்தான் தள்ளும். மேகசினில் இருக்கிற 20 தோட்டாவும் பட்டால்கூட கூட்டத்தில் யாரோ இடித்த மாதிரிதான். ஆனால் தோளில் வைத்துச் சுடுகிற 84 மில்லிமீட்டர் கார்ல் குஸ்தாஃப், பட்டாளத்தில் ஆர்.எல். (ராக்கெட் லாஞ்சர்) என்பார்கள், அதன் குண்டு இரண்டு கிலோவுக்கு மேல். வேகம் நொடிக்கு 200 மீட்டரைத் தாண்டும். வெடிப்பை விட்டுவிட்டாலும், அது நேராகப் பட்டால் வேடி நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பின்னால் பறப்பான். காயம் இருக்காது, ஆனால் மல்லாக்க விழுவான். அதனால் ஆர்.எல். பட்டால் ஒரு சுற்று ஆட்டமில்லை என்று விதி வைத்தோம். ஆட்டம் கொஞ்சம் சூடு பிடித்தது. இருந்தாலும் வேடிதான் ஜெயித்தான்.

மாற்றியது யானை. மாமாவின் தங்கை வீடு தேன்கனிக்கோட்டைப் பக்கம். ராகி அறுப்புக் காலத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கும். அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவர், பலகை முன் உட்கார்ந்ததும் சொன்னார்: "ஃபாரஸ்ட்காரங்க யானையை அடிக்கிறாங்களா என்ன? ராத்திரி பூரா பட்டாசு போட்டு, வாக்கிடாக்கில பேசிக்கிட்டு, நிக்க விடாம நடத்திக்கிட்டே இருக்காங்க. இவங்க மாத்தி மாத்தித் தூங்குறாங்க. அது ஒண்ணு, அதுக்கு மாத்தாள் ஏது?"

அன்றைக்கே தூக்கப் புள்ளி வந்தது. வேடிக்குப் பத்துப் புள்ளி, கலைத்து எழுப்புகிற ஒவ்வொரு முறையும் ஒன்று குறையும், பூஜ்யமானால் பிடிபடுவான். சிப்பாய்கள் மூன்றில் ஒரு பங்காகத் தூங்கி எழுவார்கள். அதிலிருந்து முக்கால்வாசி ஆட்டம் பிளாட்டூனுக்குத்தான். தகடூர் அதியமானே சேரன் படை வந்து வளைத்ததில்தானே விழுந்தான் என்று மாமா அடிக்கடி குத்திக் காட்டுவார், மகளுக்கு மூக்கு சிவக்கும்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வேடியைத் துப்பாக்கிக்காரர்களிடம் அனுப்புவதையே விட்டுவிட்டாள். இரவில் மாந்தோப்பு வழியாக வந்து வயர்லெஸ் வைத்திருப்பவனை மட்டும் தொடுவாள், செட்டை உடைப்பாள், ஓடிவிடுவாள். மூன்று செக்‌ஷனும் ஒன்றுக்கொன்று தெரியாமல் தடுமாறும். ஒருமுறை இரண்டாவது செக்‌ஷன் மூன்றாவதையே சுட்டது. மாமா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு விசிலையும் கைச்சைகையையும் விதியில் சேர்த்தார். பார்வைக்கு எட்டுகிற தூரம் வரை அவை செல்லும்.

குறைகளும் உண்டு. இரவு ஆட்டம் நான்கு மணி நேரம் இழுக்கும், நடுவில் களி ஆறிவிடும். குண்டை வானத்தில் வளைத்து எறிகிற 81 மில்லிமீட்டர் மார்ட்டாரைத் தடை செய்துவிட்டோம். அது ஐந்து கிலோமீட்டர் அளவுக்குப் போகும், எங்கள் பலகையின் நீளமே ஒரு கிலோமீட்டருக்குள். அதைச் சேர்த்தால் தாயக்கட்டை உருட்டுவது மட்டும்தான் மிச்சம். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தூக்கக் கணக்குப் பிடிக்கவில்லை, வேடி பறக்க வேண்டும் என்கிறார்கள்.

போன ஞாயிறு வேடிக்கு இரண்டு புள்ளிதான் பாக்கி. மகள் குதிரையை நெடுஞ்சாலைக் கோட்டின்மேல் வைத்து, தர்மபுரி தாண்டி தொப்பூர் மலைச்சாலை வழியாகப் போகிற மாங்காய் லாரியில் ஏறிப் படுத்துக்கொண்டான் என்றாள். ஓடுகிற வண்டியில் தூங்கினால் புள்ளி ஏறுமா? விதி நோட்டில் அப்படி ஒன்று இல்லை.

"ஏறும்," என்றார் மாமா, "தொப்பூர் இறக்கம் வரைக்கும்."