டயடெமா செட்டோசமா, டயடெமா சவின்யியா?

கடலடியில் நீளமான கருப்பு முட்களோடு ஒரு கடல் முள்ளெலியைக் கண்டால், அது டயடெமா பேரினமாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. 1825-இல் விலங்கியலாளர் கிரே பெயரிட்ட பேரினம் இது. முட்கள் உள்ளே வெற்றுக் குழாய். மேலே வளைய வளையமாகச் சிறு செதில்கள். அதனால்தான் தோலில் ஏறியதும் உடைந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. இதெல்லாம் இந்தப் பேரினத்தின் செட்டோசம், சவின்யி ஆகிய இரண்டு இனத்துக்கும் பொது. முள்ளை வைத்துப் பிரிக்கப் பார்ப்பது வீண்.

சரி, எங்கே பார்ப்பது? உச்சியில். மலத்துவாரம் அங்கேதான், ஒரு சிறு கூம்பின் நுனியில் இருக்கிறது. செட்டோசத்துக்கு அந்தத் துவாரத்தைச் சுற்றிப் பளிச்சென்று ஆரஞ்சு வளையம். உடலில் ஐந்து வெள்ளைப் புள்ளிகள், நீலம் சிறு பொட்டுகளாக வரிசையில் வரும். சவின்யிக்கு ஆரஞ்சு வளையம் கிடையாது. நீலமோ பச்சையோ மின்னும் கோடுகள் உடம்பில் தொடர்ச்சியாக ஓடும். வெள்ளைப் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள், சவின்யியிலும் சில சமயம் தென்படும்.

என்னைக் கேட்டால் ஆரஞ்சு வளையமே முதல் சாட்சி. ஆனால் இவை இரண்டும் கலந்து கலப்பினமும் பிறப்பதுண்டு. அப்போது மரபணுச் சோதனைதான் வழி. செங்கடல் முதல் பசிபிக் வரை வாழும் செட்டோசம், 2006-இல் துருக்கிக் கரையோரம் மத்தியதரைக் கடலிலும் தென்பட்டது.