படகின் அடிச்சாயம்: இரண்டு வருஷத்துக்கு அப்புறம்

ஆயர் தாவார் ஊரில் இருக்கும் மச்சான் நேற்று போன் செய்தார். "அந்த அடிச்சாயம் விலை இறங்கியிருக்கு, ரெண்டு டின் வாங்கிடவா?" அவருடையது மீன்பிடிப் படகு. என்னுடையது 31 அடி ஃபைபர் பாய்மரப் படகு, இப்போது மலேசியாவின் லூமுட்டில் கரையேற்றிக் கிடக்கிறது. அதே சாயத்தைத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் அதன் அடியில் பூசியிருந்தேன். போனில் பாதிதான் சொன்னேன், மீதி இங்கே.

செம்பு ஆக்சைடு கலந்த, கரையும் ரகச் சாயம் இது. தண்ணீர் உரச உரச மேல்படலம் தேய்ந்து, அடியிலிருக்கும் செம்பு வெளியே வரும், கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டாது. லூமுட் தண்ணீர் வருஷம் முழுக்க வெதுவெதுப்பு. ஒரு மாதம் சும்மா விட்டால் வெறும் ஃபைபரில் பாசி தாடியாக முளைத்துவிடும். அந்தத் தண்ணீரில் இரண்டு வருஷம் தாங்கியது. வெள்ளீயம் கலந்த பழைய சாயத்துக்கு ஈடு எதுவும் இல்லை என்பார் மச்சான். இருக்கலாம். ஆனால் அது நத்தைகளையும் சிப்பிகளையும் கெடுத்ததால்தான் 2008-இல் உலக அளவில் தடை வந்தது. இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதல் பூச்சு சிவப்பு, அதற்கு மேல் இரண்டு பூச்சு நீலம் அடித்திருந்தேன். இந்த முறை உப்புத்தாள் போடும்போது நீலம் மெலிந்து சிவப்பு எட்டிப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். அப்பா சித்தியவான் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பாலுக்காகப் பட்டையைச் சீவுகிற வேலை. கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்துவிடும், பட்டை ஒழுங்காக வளராது. எங்கே நிறுத்துவது என்று அவர் கைக்குத் தெரியும். எனக்கு அதைச் சிவப்பு சொல்லித் தந்தது.

இப்போது என் வயிற்றெரிச்சல். கரையில் நிற்கும் படகுக்குப் பக்கவாட்டில் ஆறு முட்டு கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு முட்டும் படகைத் தொடும் இடம் ஒரு சதுர அடி. அங்கே ரோலர் போகாது. போன முறை பட்டறைக்காரர்கள் படகைப் பெல்ட்டில் தூக்கிய பிறகு அந்த இடங்களுக்கு இருபது நிமிஷம் தந்தார்கள். அவசரமாகப் பூசி, ஈரத்தோடு தண்ணீரில் இறக்கினோம். ஓர் இரவாவது காய வேண்டிய சாயம் அது. போன மாதம் மேலே ஏற்றிப் பார்த்தால் அடி முழுக்கச் சுத்தம், ஆறு கட்டத்தில் மட்டும் கொட்டலசு காடாக இருந்தது. உள்ளங்கை வைத்தேன், கீறிவிட்டது.

நியாயமாகச் சொன்னால் சாயத்தின் மேல் தப்பு இல்லை. ஆனாலும் டின்னில் பெரிய எழுத்தில் போட வேண்டிய காயும் நேரத்தை விவரத்தாளின் மூலையில் பொடி எழுத்தில் போட்டால் யாருக்குக் கோபம் வராது? இந்த முறை முட்டுகளை இரண்டு நாள் முன்னதாக நகர்த்தப் பட்டறையில் சொன்னேன். "அது எங்க வேலை இல்ல"ன்னு பதில் வந்தது. தனியாகக் காசு கொடுத்துத்தான் நடந்தது. முதலில் பக்கத்தில் புது முட்டைக் கொடுத்து இறுக்க வேண்டும், அப்புறம்தான் பழையதை எடுக்க வேண்டும். ஆறும் முடிய ஒரு பகல் போனது. மதிய மழைக்குத் தார்ப்பாய் கட்டி மூன்று பூச்சு அடித்தேன். நீர்மட்டக் கோட்டில் மட்டும் நான்கு, ஏனென்றால் அங்கேதான் அலை அதிகம் தேய்க்கும். உலோக அரிப்பைத் தடுக்கும் சிங்க் கட்டி, அடியில் கடல்நீரை விடவும் அடைக்கவும் உள்ள கடல்வால்வு, இந்த வேலையெல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

இந்தச் சாயத்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் போடுவேன். கை இன்னும் எரிகிறது.

மச்சான், நீங்கள் வாங்க வேண்டாம். உங்கள் படகு கடல் வற்றத்தில் சேற்றில் உட்கார்ந்து எழும். இந்த மெத்துச் சாயம் அங்கேயே உரிந்துபோகும். உங்களுக்குக் கெட்டியான ரகம் பாருங்கள். எனக்கு இதே போதும். சனிக்கிழமை கடல் ஏற்றத்தில் படகை இறக்குகிறோம். லங்காவி தீவுக்குப் போய், ஜனவரியில் வடகிழக்குக் காற்று நிலைத்ததும் இலங்கையின் காலி நகரத் துறைமுகம். லங்காவியிலிருந்து 1,100 கடல் மைலுக்கு மேல். மிச்சம் ஒரு டின் படகிலேயே இருக்கும்.