அப்லேஷன்: லேசான மயக்கமா, முழு மயக்கமா?

சோமனூரில் தறிக்கொட்டகையில் நின்றுகொண்டிருக்கும்போதே என் இதயம் திடீரென நிமிடத்துக்கு 190 முறை துடிக்கத் தொடங்கும். கால் மணி நேரம் கழித்து, தொடங்கியது போலவே சட்டென்று நின்றுவிடும். எஸ்.வி.டி. எனப்படும் இக்கோளாறில் எனக்கு இருந்தது, மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் மின்கணுவை ஒட்டி இரண்டு பாதைகள் அமைந்து, மின்னோட்டம் அவற்றில் வட்டமடிக்கும் வகை. கோவையில் அதற்கு அப்லேஷன், அதாவது இதயத்துக்குள் கம்பி செலுத்திக் கோளாறான பாதையைச் சுட்டுவிடும் சிகிச்சை, செய்துகொண்டபோது லேசான மயக்கத்தையே தேர்ந்தேன். இன்றும் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

வெளிப்படையான வேறுபாடுகள் பலரும் அறிந்தவையே. முழு மயக்கத்தில் தொண்டைக்குள் குழாய் இறக்கி, வென்டிலேட்டர் மூச்சுவிடும். லேசான மயக்கத்தில் மிடசோலம், ஃபென்டனில் போன்ற மருந்துகளைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். மூச்சு நம்முடையது, கூப்பிட்டால் பதில் சொல்லலாம். வெறும் வயிறு, தொடை இடுக்கில் ஊசி, பிறகு சில மணி நேரம் காலை நீட்டி மல்லாந்து கிடப்பது ஆகியவை இரண்டுக்கும் பொது என்பதால், லேசான மயக்கம் என்றால் உடனே எழுந்து நடக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. இந்தச் சிகிச்சையில் கோளாறை முதலில் மேசையிலேயே வரவழைத்தாக வேண்டும். இதயத்துக்குள் செலுத்திய கம்பிகள் வழியே மின்தூண்டல் கொடுத்தும், தேவைப்பட்டால் துடிப்பைக் கூட்டும் ஐசோப்ரினலின் மருந்தை ஏற்றியும் அதை எழுப்பினால்தான் எந்தப் பாதையில் சுழற்சி நடக்கிறது என்பது உறுதியாகும். சுட்டபின் அதே தூண்டலுக்கு அது எழாமல் இருப்பதே வேலை முடிந்ததற்கான சான்று. ஆழ்ந்த மயக்கம் நரம்பு மண்டலத்தை அடக்கும்போது சில வேளைகளில் இந்தச் சுழற்சியையும் அடக்கிவிடுகிறது. எழாத கோளாறைத் தேடிச் சுட முடியாது. அதனால் எனக்குத் தொடக்கத்தில் மருந்தை மிகக் குறைவாகவே கொடுத்தார்கள். துடிப்பு எகிறியதும் மருத்துவர், “இதே மாதிரிதானுங்களா வரும்?” என்று கேட்க, “இதேதானுங்க” என்றேன். திரையில் தெரிந்ததை உடம்பும் ஒப்புக்கொண்டது.

ஆனால் அசையாமல் கிடக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. சுட வேண்டிய இடம் மின்கணுவுக்குச் சில மில்லிமீட்டர் தொலைவில் இருக்கிறது; ஒரு பலத்த இருமலில் கம்பி நகர்ந்து கணு சேதமுற்றால் பேஸ்மேக்கர் வைக்க நேரிடலாம். நூற்றில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவாக, நேரும் அபாயம்தான். இருந்தாலும் சுடும் ஒவ்வொரு முறையும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். லேசான வெப்பமும் நெஞ்சில் ஓர் அழுத்தமும் இருந்தன. தாங்க முடியாத வலி இல்லை.

இதையே, மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறுக்கும் பொருத்திச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நுரையீரலிலிருந்து வரும் சிரைகளே பெரும்பாலும் அதன் தூண்டுமுனை என்பதை 1998இல் பிரான்சின் போர்டோ நகரில் இதய மருத்துவர் ஹைசகேரின் குழு காட்டியது. அந்தச் சிரைகளின் வாய்களைச் சுற்றிப் பல புள்ளிகளில் சுட வேண்டியிருப்பதால் நேரம் நீளும், உணவுக்குழாயை ஒட்டிய பின்சுவரில் வலியும் கூடும், நோயாளி புரண்டால் கணினியில் வரைந்த முப்பரிமாண வரைபடமே இடம் பெயர்ந்துவிடும். பெருந்துறையில் இருக்கும் என் மைத்துனர் அதை முழு மயக்கத்தில் செய்துகொண்டார். எதுவும் நினைவில்லை, இரண்டு நாள் தொண்டை மட்டும் கரகரத்தது என்கிறார். தூக்கத்தில் அவருக்கு மூச்சு தடைபடுவது ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது. குழாய் இல்லாமல் மயக்க மருந்து ஏற்றினால் அதே தடை மேசையிலும் வரலாம் என்று சொல்லி, லேசான மயக்கம் என்ற பேச்சையே மருத்துவர்கள் அவரிடம் எடுக்கவில்லை.